என் ஓட்டு அவர் வயலைக் கெடுத்துவிட்டதா?

வாசகர் கடிதம்:

ஐயா, நான் கோபிசெட்டிபாளையம் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். இப்போது அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் லாங்மாண்டில் வசிக்கிறேன். குடியுரிமை கிடைத்தபின் 2018 நவம்பரில் முதன்முறையாக ஓட்டுப் போட்டேன். நாருக்கும் விதைக்கும் எண்ணெய்க்கும் பயிரிடப்படும், கஞ்சா இனத்தைச் சேர்ந்த ஹெம்ப் செடியின் வரையறையை மாநில அரசியலமைப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று அந்தச் சீட்டில் 'திருத்தம் எக்ஸ்' கேட்டது. 'ஆம்' என்று குறித்தேன். உழவர் சந்தையில் எனக்குப் பழக்கமான ஒரு விவசாயி ஹெம்ப் பயிரிடுகிறார். 2025 இறுதியில் வாஷிங்டன் வரையறையை மாற்றியதால் தன் தொழிலே முடிந்துவிடும் என்று வருந்துகிறார். மக்கள் கையில் இருந்த வரையறையை வாஷிங்டனுக்குத் தூக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்ற உறுத்தல் என்னை விடவில்லை. ஊரிலிருக்கும் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கஞ்சாவுக்கா ஓட்டுப் போட்டாய்?" என்று கேட்டவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்கு எப்படி விளக்குவது? அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். அப்பாவின் முழங்கால் வலிக்கு அந்த விவசாயி ஹெம்ப் பூவிலிருந்து தயாரிக்கும், போதை தராத சி.பி.டி எண்ணெயை எடுத்துப் போகலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பயணம் நெருங்குவதால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணெயைப் பெட்டியில் வைக்காதீர்கள். கொலராடோவில் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பது இந்தியாவில் இறங்கும்போது உங்களுக்கு உதவாது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில், போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் ஹெம்ப் என்று பிரிக்கும் அமெரிக்கக் கோடு கிடையாது. செடியின் பூத்த, காய்த்த நுனிகளைக் கஞ்சா என்றும், பிசினைச் சரஸ் என்றும் பெயர் சொல்லி அது தடுக்கிறது. சி.பி.டி எண்ணெய் பெரும்பாலும் அந்தப் பூ நுனியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் மாவையும் உணவாக விற்க அனுமதித்தது. ஆனால் அந்த உணவுகளில் சி.பி.டி கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் நண்பர் தரும் புட்டியில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். அப்பாவை ஊரிலேயே நல்ல எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வலிக்கு மருந்து அவர் சொல்லட்டும்.

இனி உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். பதினெட்டு ஆண்டுகளாக இந்த மாநிலத்துப் பண்ணைகளுக்குப் பயிர் ஆலோசனை சொல்லி வருபவன் நான். ஹெம்ப் விதைத்து வாழ்ந்தவர்களையும் நொடித்தவர்களையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் ஓட்டு அந்த விவசாயியைக் கெடுக்கவில்லை. ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல இது. ஏன் என்று சொல்ல 2012க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு கொலராடோ மக்கள் 'திருத்தம் 64' என்பதை ஏறத்தாழ 55 சதவீத ஓட்டில் நிறைவேற்றினார்கள். 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சா வைத்திருக்க அனுமதித்த திருத்தம் அது. ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசியது. அதே திருத்தத்துக்குள் ஹெம்ப் பற்றிய சில வரிகளும் இருந்ததை மிகச் சிலரே கவனித்தார்கள். உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி என்னும் போதைப்பொருள் 0.3 சதவீதத்துக்கு மேற்படாத செடி ஹெம்ப் எனப்படும். 2014 ஜூலை 1க்குள் அதன் சாகுபடிக்குச் சட்டமன்றம் விதி வகுக்க வேண்டும் என்றன அந்த வரிகள். வடக்கு டகோட்டாபோன்ற மாநிலங்களில் ஹெம்ப் சட்டமன்றத்தின் வழியாக வந்தது. இங்கே மக்கள் ஓட்டின் வழியாக வந்ததால் 0.3 என்ற அந்த எண்ணும் நேராக அரசியலமைப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேறெந்த மாநிலத்தின் அரசியலமைப்பிலும் ஹெம்ப்புக்கு வரையறை இருக்கவில்லை.

மறு ஆண்டே, 2013இல், தென்கிழக்கு மூலையில் பாகா கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு விவசாயி துணிந்து ஹெம்ப் விதைத்து அறுவடையும் செய்தார். அப்போது கூட்டாட்சிச் சட்டம் அவர் பக்கம் இல்லை. 1970இன் போதைப்பொருள் சட்டம் நார்ச்செடி, போதைச்செடி என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது. மாநிலத்தில் மக்கள் அனுமதித்த பயிருக்கு வாஷிங்டனில் அனுமதி இல்லை. இந்த இரட்டை நிலையைத்தான் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மக்கள் ஓட்டு மாநில எல்லைக்குள் ஒரு கதவைத் திறக்கும். எல்லைக்கு வெளியே இருக்கும் கதவின் சாவி அதனிடம் இல்லை.

இந்த 0.3 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால், 1976இல் ஆர்தர் கிரான்குவிஸ்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், கஞ்சா இனத்தின் செடிகளை வகைப்படுத்த ஒரு கோடு தேவைப்பட்டு அங்கே போட்டார். இயற்கை போட்ட கோடு அல்ல, வசதிக்காகத் தான் வைத்த கோடு என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அதுவே பிற்பாடு பல நாடுகளில் சட்டமானது. சுவிட்சர்லாந்து 1 சதவீதம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 0.2 என்று வைத்திருந்து 2023இல் 0.3க்கு ஏறியது. ஒரே செடி ஒரு நாட்டில் பயிர், பக்கத்து நாட்டில் குற்றம்.

செடியோ எந்த எண்ணுக்கும் கட்டுப்பட்டு வளர்வதில்லை. பூ முற்ற முற்ற டி.எச்.சி ஏறும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையில் அறுவடைக்கு ஆள், இயந்திரம் எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. மாதிரி எடுத்துப் போனவர்களிடமிருந்து வந்த முடிவு 0.4ஐத் தாண்டியிருந்தது. ஒரு வாரம் முன்னால் அறுத்திருந்தால் தேறியிருக்கும். அந்தக் குடும்பம் தங்கள் பயிரைத் தாங்களே மண்ணோடு உழுது புதைத்ததை வரப்பில் நின்று பார்த்தேன். விதையைப் பரிந்துரைத்தவன் நான். இன்றும் அந்தச் சாலையில் போகும்போது மனம் கனக்கிறது. விவசாயியின் ஓராண்டு உழைப்பு ஒரு தசமப் புள்ளியில் தொங்கும்போது, அந்தப் புள்ளியைத் திருத்தும் வழி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அரசியலமைப்பில் வைத்துப் பூட்டக் கூடாது. திருத்தம் எக்ஸ் பற்றி என் கருத்து அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

2018இன் சீட்டு உங்களுக்கு நினைவிருக்கும். மாநில அளவில் மட்டும் 13 கேள்விகள். தொகுதி மறுவரையறைக்கு ஒய், இஸட் என்ற திருத்தங்கள், எண்ணெய்க் கிணறுகளின் தூரத்துக்கு 112 என்ற முன்மொழிவு. இந்தக் கூட்டத்தில் எக்ஸைப் படித்துப் பார்த்து ஓட்டுப் போட்டவர் நீங்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வீடு தேடி வந்த 'நீலப் புத்தகம்' என்னும் வாக்காளர் கையேட்டில் இரண்டு பக்க வாதமும் இருந்தது. மற்ற மாநிலங்களின் விதிகள் மாறும்போது கொலராடோ விவசாயி மட்டும் பழைய எண்ணோடு கட்டுண்டு கிடக்கக் கூடாது என்றது ஒரு பக்கம். மக்கள் வகுத்ததை மக்களைக் கேட்காமல் மாற்ற இடம் கொடுக்கிறோம் என்றது மறுபக்கம். 60 சதவீதத்துக்குச் சற்று மேலானவர்கள் 'ஆம்' என்றார்கள்.

நீங்கள் எதற்கு 'ஆம்' சொன்னீர்கள் என்பதை மறுபடி படித்துப் பாருங்கள். "கூட்டாட்சிச் சட்டத்தில் உள்ள வரையறை, அல்லது கொலராடோ சட்டத்தில் உள்ள வரையறை" என்பதே புதிய வாசகத்தின் சாரம். அந்த 'அல்லது' சிறிய சொல் அல்ல. வரையறையை வாஷிங்டனுக்குத் தூக்கிக் கொடுத்தேன் என்கிறீர்கள். டென்வரில் இருக்கும் உங்கள் சட்டமன்றத்துக்கும் அதில் இடம் வைத்துத்தான் கொடுத்தீர்கள். போதை தரும் ஹெம்ப் மிட்டாய்களும் பானங்களும் கடைகளில் பெருகியபோது, இதே சட்டமன்றம் 2023இல் தனிச்சட்டம் இயற்றியது. ஒரு வேளைக்கு 1.75 மில்லிகிராம் டி.எச்.சிக்கு மேல் கூடாது, சி.பி.டி அதைப்போல் 15 மடங்காவது இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. பழைய வரையறை அரசியலமைப்பில் இருந்திருந்தால், இப்படிப்பட்ட ஒவ்வொரு விதியும் அதனோடு மோதுகிறது என்று யாராவது வழக்குப் போட இடம் இருந்திருக்கும்.

எல்லோரும் 'இல்லை' என்று குறித்து எக்ஸ் தோற்றிருந்தால்? பழைய வரி அரசியலமைப்பில் அப்படியே இருந்திருக்கும். 2025இல் வாஷிங்டன் செய்த மாற்றம் அப்போதும் வந்திருக்கும். மாநிலச் சட்டப்படி உங்கள் நண்பரின் பயிர் ஹெம்ப், கூட்டாட்சிச் சட்டப்படி அதே பயிர் போதைப்பொருள் என்ற நிலைதான் கிடைத்திருக்கும். ஸ்பிரிங்ஃபீல்ட் விவசாயி 2013இல் நின்ற இடம் அது. வங்கிக் கடனுக்குத் தடுமாற்றம், பயிர்க் காப்பீட்டுக்கு வழியின்மை, மாநில எல்லை தாண்டிச் சரக்கு அனுப்ப அச்சம். இன்று கொலராடோவில் கஞ்சாக் கடை நடத்துபவர்களைக் கேளுங்கள், அந்த வாழ்க்கை எப்படியென்று சொல்வார்கள்.

ஆனால் ஒன்று போனது என்பதையும் மறைக்க மாட்டேன். அரசியலமைப்பில் இருந்தவரை அந்த எண்ணைத் தொட மக்களின் அனுமதி வேண்டும். இப்போது வேண்டாம். வாக்காளராக உங்கள் கையிலிருந்த ஒரு மறுப்பு உரிமையை உங்கள் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். உறுத்தலுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதற்குச் செய்ய வேண்டியது, யாரிடம் ஒப்படைத்தீர்களோ அவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பது. உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கும் காங்கிரஸ் உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதியதைப்போலவே, சந்தையில் பார்த்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுங்கள்.

அந்த மனிதரின் நிலைமைதான் என்ன? 2018 டிசம்பரில் கூட்டாட்சி விவசாயச் சட்டம் ஹெம்ப்பைப் போதைப்பட்டியலிலிருந்து விடுவித்தது. அது டெல்டா-9 டி.எச்.சியை மட்டும் அளந்தது. அந்த இடைவெளியில் டெல்டா-8 போன்ற உறவுக்காரப் பொருள்களும், சூடாக்கினால் டி.எச்.சியாக மாறும் அமிலம் நிறைந்த பூக்களும் 'ஹெம்ப்' என்ற பெயரில் கடைக்கு வந்தன. சிறுவர்கள் கைக்கும் போயின. 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான செலவுச் சட்டம் அந்த இடைவெளியை அடைத்தது. எல்லா வகை டி.எச்.சியையும் கூட்டித்தான் 0.3 பார்க்க வேண்டும்; கடைக்கு வரும் பொருளில் ஒரு புட்டிக்கு, ஒரு பொட்டலத்துக்கு, மொத்தம் 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஓராண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அடைக்க வேண்டிய ஓட்டைதான். ஆனால் அடைத்த விதம் மிகக் கடுமையானது. போதையே தராத சாதாரணச் சி.பி.டி எண்ணெய்ப் புட்டி பலவும் 0.4ஐத் தாண்டிவிடும். ஒரு வேளைக்கு என்று வைக்காமல் புட்டிக்கு என்று வைத்ததில் நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

நாருக்கும் விதைக்கும் விளைவிப்பவர்களை அதே சட்டம் தனியாகப் பெயர் சொல்லிக் காக்கிறது. உங்கள் நண்பர் எண்ணெய் தயாரிக்கிறார் என்பதால் பூவுக்காகவே பயிரிடுகிறார். அடி அவர் மேல்தான் விழும். "நாருக்கு மாறிவிடுங்கள்" என்று லேசாகச் சொல்லிவிடாதீர்கள். விதை வேறு, விதைக்கும் நெருக்கம் வேறு, அறுக்கும் கருவி வேறு. நார் உரிக்கும் ஆலை பக்கத்தில் இல்லாவிட்டால் தண்டை லாரியில் ஏற்றும் கூலியே விலையைத் தின்றுவிடும். வாங்குபவரிடம் எழுத்தில் ஒப்பந்தம் கைக்கு வராமல் ஒரு விதைகூட மண்ணில் போடவேண்டாம் என்று மட்டும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவர் தொழிலின் சரிவு 2025இல் தொடங்கியதல்ல. அமெரிக்க விவசாயத் துறையின் கணக்கில் நாட்டின் ஹெம்ப் விளைச்சல் மதிப்பு 2021இல் 82.4 கோடி டாலர், 2022இல் 23.8 கோடி டாலர். ஓர் ஆண்டில் அவ்வளவு வீழ்ச்சி. எல்லோரும் சி.பி.டிக்கு ஓடி, வாங்க ஆளில்லாமல் களஞ்சியங்களில் பூ கிடந்து வீணானது. கொலராடோவில் விதிக்குப் பயந்ததைவிட விலைக்குப் பயந்தே நிறையப் பேர் விலகினார்கள்.

மக்கள் ஓட்டு என்பது எந்த அளவுக்குத் தீர்மானமானது என்று யோசிக்கும்போது எனக்குத் தெற்கு டகோட்டா நினைவுக்கு வரும். அங்கே 2002இல் ஹெம்ப்பை மட்டுமே தனியாக வைத்து மக்களிடம் கேட்டார்கள். வரம்பு 1 சதவீதம். கஞ்சா அனுமதி அதில் இல்லவே இல்லை. இருந்தும் 62 சதவீதம் பேர் மறுத்தார்கள். அதற்கு முன்பே, அதே மாநிலத்தின் பைன் ரிட்ஜ் பழங்குடி நிலத்தில் ஓக்லாலா லகோட்டா மக்கள் 1998இல் தங்கள் சபையில் ஹெம்ப்புக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். அலெக்ஸ் ஒயிட் ப்ளூம் என்பவர் அதை நம்பி 2000இல் விதைத்தார். அறுவடை நேரத்தில் கூட்டாட்சி அதிகாரிகள் ஆயுதங்களோடு வந்து பயிரை வெட்டி எடுத்துப் போனார்கள். பயிரிடக் கூடாது என்று நீதிமன்றம் போட்ட தடை 2016இல்தான் நீங்கியது. தெற்கு டகோட்டா சட்டமன்றமோ, ஆளுநர் 2019இல் மறுத்ததைத் தாண்டி, 2020இல் ஹெம்ப்பை அனுமதித்தது. மக்கள் மறுத்தார்கள், பதினெட்டு ஆண்டு கழித்துப் பிரதிநிதிகள் ஏற்றார்கள். அந்தச் செடி மாறவில்லை. அதைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தது மாறியது. ஒயிட் ப்ளூம் இழந்த ஆண்டுகளை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இனி உங்கள் அப்பா. அவருடைய கோபத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். நம் ஊர்களில் கஞ்சா என்ற சொல்லுக்குப் பின்னால் கெட்டுப்போன பிள்ளைகளின் முகங்கள் இருக்கின்றன. அதை மனத்தில் வைத்துத்தான் அவர் கேட்டிருப்பார்.

அவரைச் சமாதானப்படுத்த "இது கஞ்சா இல்லை அப்பா, சணல்" என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொல்லாதீர்கள். அது உண்மை இல்லை. நம்மிடம் சணல் என்பது சாக்குக்கு நார் தரும் வங்காளத்துப் பயிர். அவர் பசுந்தாள் உரத்துக்கு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழும் சணப்பு, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. புளிச்சைக்குத் தாவரவியலார் வைத்த பெயரிலேயே 'கன்னாபினஸ்' இருக்கிறது, கஞ்சா இலையை ஒத்த இலை என்பதால். ஆங்கிலத்தில் இவற்றில் பலவற்றின் பெயரோடும் 'ஹெம்ப்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நீங்கள் ஓட்டுப் போட்ட ஹெம்ப் இவை எதுவும் அல்ல. கஞ்சா இனமேதான். இதை அவர் வேறொருவர் வாயிலிருந்து தெரிந்துகொண்டால் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

அவரிடம் சோளத்தைப் பற்றிப் பேசுங்கள். மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டை விடக்கூடாது என்று கொங்குநாட்டு விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பருவத்தில் அதில் நஞ்சு ஏறியிருக்கும், வயிறு நிறைய மேய்ந்த மாடு தொழுவம் திரும்பாது. அதே பயிர் முற்றிக் காய்ந்தபின் ஆண்டு முழுவதும் மாட்டுக்குத் தட்டு. அதற்காக யாரும் சோளத்தைத் தடை செய்யச் சொன்னதில்லை. ரகம், பருவம், தண்ணீர் மூன்றையும் பார்த்து எப்போது தொடலாம் என்று தெரிந்துவைத்திருக்கிறோம். ஹெம்ப்பிலும் அதே மூன்றும்தான். மாட்டுக்குப் பதில் ஆய்வுக்கூடம் சொல்கிறது, அவ்வளவே. இப்படிச் சொன்னால் 0.3 என்பது எதற்கு என்று அவரே உங்களுக்கு விளக்குவார்.

அவர் சட்டத்தை மதிக்கும் மனிதர் என்று உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிகிறது. ஆகவே இதையும் சொல்லுங்கள்: கஞ்சா வளர்த்தால் பத்தாண்டு வரை சிறை என்று சொல்லும் அதே இந்தியச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் அந்தச் செடியைப் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்கிறது. உத்தராகண்ட் 2018இல் அப்படி அனுமதிக்கத் தொடங்கியது, நீங்கள் லாங்மாண்டில் ஓட்டுப் போட்ட அதே ஆண்டில். தமிழ்நாட்டில் யாரும் இதைக் கேட்டு ஓட்டுச்சீட்டு அச்சடிக்கவில்லை. நம் நாட்டில் இத்தகைய கேள்விக்கு நேரடி வாக்கெடுப்பு என்ற வழியும் கிடையாது. அதனால்தான் மகன் ஒரு செடிக்காக ஓட்டுப் போட்டான் என்பது அவருக்கு விநோதமாகவும் இருந்திருக்கும். என்ன கேட்டார்கள், நீ என்ன குறித்தாய் என்று அவர் கேட்கும்வரை பொறுங்கள். கேட்பார்.

எண்ணெய்க்குப் பதிலாக, அந்த விவசாயியிடம் சொல்லிவிட்டு அவர் வயலைச் சில படங்கள் எடுத்துப் போங்கள். ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லிவைக்கிறேன். நாருக்கு விதைத்த ஹெம்ப் கோரைபோல் நெருக்கமாக, கிளையில்லாமல் ஒல்லியாக உயர்ந்து நிற்கும். பூவுக்கு நட்டது மிளகாய் வயலைப்போல இடம் விட்டு, புதர்புதராகப் பரவி நிற்கும். அப்பா படத்தைப் பார்த்ததும் அந்த இடைவெளியைத்தான் கவனிப்பார். அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: இது நாருக்கு இல்லை அப்பா, எண்ணெய்க்கு, அடுத்த ஆண்டு இவர் என்ன விதைப்பது என்று இன்னும் தெரியவில்லை.